வேட்டைத் துப்பாக்கி வளர்ந்த வரலாறு



புதுக்கோட்டைச் சீமையில் முயலையும் காட்டுக்கோழியையும் வேட்டையாட ஒரு காலத்தில் வளரி என்னும் கருவி பயன்பட்டது. அது பிறைபோல் வளைந்த மரத்தடி. ஒரு முனை கனமாகவும் மறுமுனை இலேசாகவும் இருக்கும். இரும்பாற் செய்ததும் உண்டு. இலேசான முனையைப் பற்றித் தோளுக்கு மேலே சிலமுறை சுழற்றி இலக்கை நோக்கி வீசுவார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியக் குடிகளைப் பற்றி 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் தொகுதியில், புதுக்கோட்டைத் திவான் எழுதியனுப்பிய குறிப்பொன்றைச் சேர்த்திருக்கிறார். வளரி வீச்சில் கைதேர்ந்தவர்கள் அக்காலத்திலேயே மறைந்துவிட்டார்கள் என்றும், ஆயுத பூசை போன்ற நாட்களில் எடுத்துத் துடைத்து வைக்கும் குடும்பப் பொருளாக அது மாறிவிட்டது என்றும் அக்குறிப்பிலிருந்து அறிகிறோம்.

வளரி விட்ட இடத்தைத் துப்பாக்கி பிடித்துக்கொண்டது. அதே சீமையை ஆண்ட தொண்டைமான் மரபில் வந்த பிருதிவிராஜ் தொண்டைமான், 2024-ஆம் ஆண்டுப் பாரிசு ஒலிம்பிக் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். அவர் கையில் இருந்தது வேட்டைத் துப்பாக்கியின் வழியில் வந்த கருவியே. ஆனால் அவர் முன்னே பறந்தது பறவையன்று. உள்ளங்கையளவான ஒரு தட்டு. பறக்கும் பறவையை வீழ்த்துவதற்கென்றே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செம்மை செய்யப்பட்ட கருவி அது. அதன் முன்னிலிருந்து பறவை விலகி, ஒரு தட்டு வந்து சேர்ந்தது எவ்வாறு? அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ‘துப்பு’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லோடு ஒலியில் ஒத்திருந்தாலும், துப்பாக்கி என்பது தமிழ்ச் சொல் அன்று. துருக்கி மொழியில் துப்பாக்கியைக் குறிக்கும் சொல்லே பல மொழிகளின் வழியாக நம்மிடம் வந்து இவ்வடிவம் பெற்றது. கருவியோடு பெயரும் பயணம் செய்து வந்தது என்று கொள்ளலாம்.

இனி, வேட்டைத் துப்பாக்கிக்கு அடிப்படையான தத்துவம் யாது? மரத்தில் அசையாமல் தொங்கும் மாங்காயை ஒரு கல்லெறிந்து வீழ்த்திவிடலாம். பறந்து செல்லும் தட்டானை அவ்வாறு அடிப்பது மிகவும் அரிது. ஒரு பிடி பொடிக்கல்லை வாரி வீசினால், அவற்றுள் ஒன்றாவது அதன்மேல் படக்கூடும். வேட்டைத் துப்பாக்கி செய்வது இதைத்தான். ஒரே குண்டுக்குப் பதிலாக, ரவை எனப்படும் நூற்றுக்கணக்கான சிறு ஈயமணிகளை அது ஒருங்கே வீசுகிறது. அவை செல்லச் செல்ல விரிந்து பரவுகின்றன. அதனால் அதன் குழல் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும்.

ரைபிள் என்பது வேறு இனம். அதன் குழலுக்குள் சுருள்சுருளாக வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகள் ஒற்றைக் குண்டைப் பம்பரம்போற் சுழலச் செய்து, நெடுந்தொலைவுக்கு நேராகச் செலுத்துகின்றன. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை எல்லோரும் அறிந்திருப்பது நலம். பறவை சுடும் சிறு ரவை ஏறக்குறைய 200 மீட்டருக்குள் வலுவிழந்து விழுந்துவிடும். ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் செல்லும். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், நம் மாவட்டத்து நார்த்தாமலைக்கு அருகிலுள்ள சுடுதளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் அவன் உயிர் பிரிந்தது. குண்டு எத்தனை தூரம் செல்லும் என்பது வெறும் பாடநூற் கணக்கு அன்று என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

மேலும் ஒரு சொல்லை விளக்கவேண்டும். ‘பன்னிரண்டாம் எண் துப்பாக்கி’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் ஓர் உருண்டையாக வார்த்தால், அவ்வுருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அதுவே பன்னிரண்டாம் எண் குழல். உருண்டையின் எடை ஏறக்குறைய 38 கிராம். குழலின் விட்டம் 18.5 மில்லிமீட்டர். இருபது பங்காக்கினால் உருண்டை சிறுக்கும். ஆகவே எண் பெருகப் பெருகக் குழலின் விட்டம் குறையும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பழைய திரித் துப்பாக்கியில், புகைந்துகொண்டிருக்கும் திரி ஒன்றை மருந்தின்மேல் தொடச் செய்து வெடிக்க வைத்தார்கள். மழை பெய்தால் திரி அணைந்துவிடும். பறக்கும் பறவையைச் சுட அது ஏற்றதன்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி உருவாயிற்று. விசையை இழுத்தால், கல் பொருத்திய ‘குதிரை’ எஃகின்மேல் மோதும், பொறி தெறிக்கும், குழலுக்கு வெளியே ஒரு சிறு கிண்ணியில் வைத்த மருந்து பற்றும், அந்நெருப்பு ஒரு துளை வழியாக உள்ளே சென்று குழலிலுள்ள மருந்தை வெடிக்கச் செய்யும். இத்தனையும் நடந்து முடிவதற்குள் பறவை இருந்த இடத்தில் இராது.

இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பறவை வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். துப்பாக்கி பத்தில் ஒரு பங்கு வினாடி தாமதித்தால், பறவை ஒன்றரை மீட்டர் முன்னே சென்றுவிடும். ரவையும் வழியில் நேரம் எடுத்துக்கொள்கிறது. வினாடிக்குச் சராசரி 330 மீட்டர் வேகத்தில் செல்லும் ரவை, 30 மீட்டர் தொலைவை அடைய ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு வினாடி ஆகிறது. ஆகவே எத்துணைச் சிறந்த துப்பாக்கியாயினும், பறவை இருக்கும் இடத்தை நோக்காமல், அது வந்து சேரப்போகும் இடத்தை நோக்கியே சுடவேண்டும். துப்பாக்கியைச் செம்மை செய்தவர்கள் அனைவரும் போராடியது இந்தக் கணநேரத்தோடுதான். அந்தக் கணநேரமே பறவைக்கு இயற்கை அளித்திருந்த பாதுகாப்பு.

அதனைக் குறைத்தவர்களுள் தலையாயவர் ஒரு கிறித்தவப் போதகர். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரில் திருச்சபைப் பணி செய்துவந்த அலெக்சாண்டர் ஜான் ஃபார்சித், பறவை வேட்டையில் நாட்டமுடையவர். கிண்ணியில் மருந்து மின்னும் ஒளியைக் கண்டதும் பறவைகள் குண்டு வருமுன் தப்பிவிடுவதை அவர் கவனித்தார். அடித்தால் உடனே வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறையைக் கண்டுபிடித்து, 1807-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பின்னர் அப்பொருளைச் சிறு செம்புத் தொப்பிக்குள் அடைத்தனர். நம் நாட்டில் அதனைக் ‘கேப்பு’ என்பர். தீபாவளியில் நீங்கள் வெடிக்கும் கேப்பும் அடிபட்டதும் வெடிக்கும் அதே இயல்பைக் கொண்டதே. வெளியே மின்னும் ஒளி மறைந்தது. மழைக்கும் காற்றுக்கும் அஞ்சவேண்டியதில்லை என்றாயிற்று.

ரவை செய்யும் முறையும் இதற்கு முன்பே மாறியிருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தவரான வில்லியம் வாட்ஸ் 1782-ஆம் ஆண்டில் ஒரு காப்புரிமை பெற்றார். உருக்கிய ஈயத்தோடு சிறிது பாஷாணம் கலந்து, உயரத்திலிருந்து சல்லடை வழியாக ஊற்றினால், துளிகள் விழும்போதே உருண்டையாகிக் கீழே தண்ணீரில் வீழ்ந்து இறுகிவிடும். மழைத்துளியை உருண்டையாக்கும் பரப்பு இழுவிசையே இங்கும் வேலை செய்கிறது. இலண்டன் நகரத்துத் துப்பாக்கி வினைஞர் ஜோசப் மாண்டன் (1766–1835) இரு குழல்களை அருகருகே பொருத்தி இலேசாகவும் கைக்கு இசைவாகவும் அமைத்த இரட்டைக் குழல் துப்பாக்கி, பின்வந்த வினைஞர்களுக்கெல்லாம் மாதிரியாக விளங்கியது.

இருந்தும் ஒரு தடை எஞ்சியிருந்தது. குழல்வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அடைப்பை இட்டு, கோலால் இடித்து, ரவையைப் போட்டு, மீண்டும் அடைத்து, பின்னர்க் கேப்பைப் பொருத்தவேண்டும். ஒருமுறை சுட்டால் மறுமுறை சுட அரை நிமிடத்துக்கு மேலாகும். பிரான்சு நாட்டு வினைஞர் காசிமிர் லெஃபோஷெ 1835-ஆம் ஆண்டளவில், குழலைக் கீல்போல் மடக்கிப் பின்புறமாகத் தோட்டாவைச் செருகும் துப்பாக்கியை அமைத்தார். மருந்து, அடைப்பு, ரவை, கேப்பு ஆகிய நான்கும் ஒரே உறைக்குள் அடங்கியதே தோட்டா. 1851-ஆம் ஆண்டின் இலண்டன் பெருங்கண்காட்சியில் இதனைக் கண்ட ஆங்கில வினைஞர்கள் தாமும் அவ்வழியைப் பின்பற்றினர். 1875-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரில் ஆன்சன், டீலி என்னும் இருவர், குதிரை வெளியே தெரியாத துப்பாக்கியை அமைத்தனர். குழலை மடக்கித் தோட்டாவை இடும்போதே உள்ளிருக்கும் குதிரை தானாகப் பின்வாங்கி அடிப்பதற்கு ஆயத்தமாகிவிடும். இன்று நாம் காணும் இரட்டைக் குழல் துப்பாக்கிகளுட் பல இந்த அமைப்பின் வழிவந்தவை.

அதே ஆண்டுகளில் ரவை பரவுவதையும் அளவுபடுத்தக் கற்றனர். குழல்வாயைச் சிறிதளவு ஒடுக்கினால் ரவைகள் நெருக்கமாகச் செல்லும். இதனைச் ‘சோக்’ என்பர். தோட்டக் குழாயின் வாயை விரலால் ஒடுக்கினால் நீர் தொலைவு பாய்வதை இதற்கு ஓரளவு உவமையாகக் கொள்ளலாம். 40 கெஜத் தொலைவில் 30 அங்குல விட்டமுள்ள வட்டம் ஒன்றை வரைந்து சுட்டால், ஒடுக்கமில்லாத குழலிலிருந்து நூற்றுக்கு 40 ரவை அளவிலும், முழுமையாக ஒடுக்கிய குழலிலிருந்து 70 ரவை அளவிலும் அவ்வட்டத்துக்குள் படும். பிறகு புகையற்ற மருந்து வந்தது. முதற் குண்டின் புகை இரண்டாவது இலக்கை மறைக்கும் தொல்லை நீங்கியது. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் 1900-ஆம் ஆண்டில், விசையை இழுக்குந்தோறும் வெற்றுறையை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு நூற்றாண்டுக்கு முன் அரை நிமிடத்தில் ஒருமுறை சுட்டவன், இப்போது சில வினாடிகளில் ஐந்து முறை சுடலானான்.

இதன் விளைவு என்ன? வட அமெரிக்காவில் பயணப் புறா என்றோர் இனம் இருந்தது. கோடிக்கணக்கில் கூட்டமாகப் பறந்து வானத்தையே மறைத்த பறவை அது. துப்பாக்கியோடு வலையும் சேர்ந்தது, காடுகள் வெட்டப்பட்டன, கூட்டம் தங்குமிடத்தைத் தந்தி அறிவித்தது, கொன்ற பறவைகளைப் புகைவண்டி சந்தைக்குச் சுமந்தது. அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், சின்சினாட்டி நகரத்து விலங்குக் காட்சிச் சாலையில் கூண்டுக்குள் இறந்தது. நம் நாட்டிலும் இத்தகைய மிகை உண்டு. இராஜஸ்தானத்துப் பரத்பூர் நீர்நிலையில் 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. பெருமைக்குரிய செயலாகக் கருதி அந்த எண்ணைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். அக்கல் இன்றும் இருக்கிறது. அந்நீர்நிலையோ 1985-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பறவைகளின் புகலிடமாகிவிட்டது. கல்வெட்டு மாறவில்லை; அதைப் படிப்பவர் மனநிலை மாறிவிட்டது.

சட்டமும் இந்த மாற்றத்தைக் காட்டுகிறது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெறவேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. யார் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்பதே அதன் கவலை. விடுதலைக்குப் பின் 1959-ஆம் ஆண்டின் சட்டம் அந்த நிறவேற்றுமையை நீக்கி, அனைவருக்கும் பொதுவான உரிம முறையை வகுத்தது. அதன் பின்னர் 1972-ஆம் ஆண்டில் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, துப்பாக்கி எதை நோக்கலாம் என்ற கேள்வியை எழுப்பியது. பொழுதுபோக்கு வேட்டை நம் நாட்டில் படிப்படியாக முடிவுக்கு வந்தது.

இந்த முடிவு எல்லோரையும் ஒரேபோலத் தாக்கவில்லை என்பதையும் மாணவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அரசர்களுக்கு வேட்டை பொழுதுபோக்கு; அது நின்றபோது அவர்களுக்கு வேறு பொழுதுபோக்குகள் இருந்தன. நரிக்குறவர்களுக்கோ அது பிழைப்பு. தோளில் குழல்வாய்வழி மருந்திடும் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கியோடு, கொக்கும் காடையும் கவுதாரியும் தேடி வயல் வரப்புகளில் நடந்த மக்கள் அவர்கள். உரிமத் தாள்களில் ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று குறிக்கப்படுவது அவ்வகைத் துப்பாக்கியே. ஐரோப்பாவில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பழம்பொருளாகிவிட்ட அக்கருவி, அவர்களிடம் நெடுங்காலம் அன்றாடக் கருவியாக நின்றது. ஒரு முறை சுட்டு, மீண்டும் மருந்திடித்து, வீட்டுக்கு வேண்டியதையும் விற்பதற்குச் சிறிதையும் கொண்டுசென்றவர்கள் அவர்கள். ஒரே நாளில் நாலாயிரம் பறவையைச் சுட்டவர்களுக்கும் அவர்களுக்கும் சட்டம் ஒன்றே. பறவையினம் பிழைக்கச் சட்டம் வேண்டியதுதான். அதன் சுமையை அதிகமாகத் தாங்கியவர்கள் மாற்றுத் தொழிலாகக் கொண்டதோ பாசிமணி கோத்து விற்பது. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் தமிழ்நாட்டு நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். கல்வியும் வேலைவாய்ப்பும் அவர்களுடைய பிள்ளைகளைச் சென்றடைவதே இக்கணக்கில் நாம் செலுத்தவேண்டிய மீதி.

இனி அந்தத் தட்டின் கதைக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில், கூண்டிலிருந்து உயிர்ப் புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடுவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பந்தயமாக இருந்தது. 1900-ஆம் ஆண்டுப் பாரிசில் ஒலிம்பிக்கையொட்டி நடந்த போட்டிகளிலும் உயிர்ப் புறாக்களைச் சுட்டனர். அதற்கு மாற்றாக முதலில் கண்ணாடி உருண்டைகளை மேலே எறிந்து பார்த்தார்கள். உடைந்த சில்லுகள் நிலமெங்கும் சிதறின. 1880-ஆம் ஆண்டில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண்ணால் வட்டத் தட்டு செய்து, பறவைபோல் மிதந்து செல்லுமாறு எறியும் பொறியையும் அமைத்தார். அவர் வாழ்ந்த ஊர் சின்சினாட்டி. கடைசிப் பயணப் புறா கூண்டில் இறந்த அதே நகரத்தில், அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்னரே, புறாவைச் சுடாமல் சுடும் கலையைக் காப்பதற்கு ஒரு வழி பிறந்திருந்தது.

இன்றைய தட்டு சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் கலந்து வார்க்கப்படுவது. விட்டம் 110 மில்லிமீட்டர். எடை ஏறக்குறைய 105 கிராம். ‘டிராப்’ என்னும் போட்டியில், வீரருக்கு முன்னே 15 மீட்டர் தொலைவில் உள்ள பள்ளத்திலிருந்து தட்டுகள் எத்திசையில் வரும் என்று அறிய முடியாதவாறு பறந்து வெளிப்படும். தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். தோட்டாவில் ரவையின் எடை 24 கிராமுக்கு மேற்படலாகாது. பீகானேர் மன்னர் கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டு, 1962-ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2004-ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் இராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இரட்டை டிராப் போட்டியில் வெள்ளி வென்றார். 2023-ஆம் ஆண்டில் சீனத்தின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பொற்பதக்கம் வென்ற இந்திய டிராப் அணியின் மூவரில், நாம் முன்னே குறிப்பிட்ட பிருதிவிராஜ் தொண்டைமானும் ஒருவர்.

தட்டைச் சுடுவதாலும் ஒரு கேடு முற்றிலும் நீங்கிவிடவில்லை. சிதறிய ஈயமணிகள் மண்ணிலும் நீரிலும் தங்குகின்றன. இரை செரிக்கச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடைய நீர்ப்பறவைகள், அவற்றைக் கல்லென்று எண்ணி விழுங்கி நஞ்சேறி மடிகின்றன. அமெரிக்கா 1991-ஆம் ஆண்டில் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை நாடு முழுவதும் தடை செய்தது; டென்மார்க்கு 1996-ஆம் ஆண்டில் எல்லா வேட்டையிலும் விலக்கியது. எஃகு ரவை அதன் இடத்தைப் பெற்றுவருகிறது. துப்பாக்கியின் வளர்ச்சி இன்னும் முடிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

நண்பர்களே, திரியிலிருந்து கல்லுக்கும், கல்லிலிருந்து கேப்புக்கும், கேப்பிலிருந்து தோட்டாவுக்கும் துப்பாக்கி வளர்ந்த ஒவ்வொரு படியிலும், பறவைக்கு இருந்த கணநேரம் சிறிது சிறிதாகக் குறைந்தது. கருவியின் குறையே பறவைக்குக் காவலாக இருந்த காலம் ஒன்று உண்டு. குறை தீர்ந்தபின் அந்தக் காவலை மனிதன் தானே ஏற்கவேண்டியதாயிற்று. சட்டமும் தட்டும் அவ்வாறு ஏற்ற பொறுப்பின் இரண்டு வடிவங்கள்.

மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு. அதற்குச் சட்டப் புத்தகம் வேண்டுவதில்லை. புதுக்கோட்டைக்குத் தெற்கே சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், கண்மாய் மரங்களிற் கூடுகட்டும் பறவைகள் அஞ்சிவிடும் என்று மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நீர் நிறைந்த ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை அங்கே சென்று பாருங்கள். துப்பாக்கியோசை கேளாத ஊரில் பறவைகள் எத்துணை அருகில் வந்து அமர்கின்றன என்பதை நேரிலேயே காணலாம்.